சின்னாவையும் மேடையேற்று

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. கல்லூரி ஆண்டு விழாவில் நீ மார்க் ஆன்டனி வேஷம் கட்டி, சீசரின் பிணத்தருகே நின்று பேசும் அந்த உரையைப் பேசப்போகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். மர்லன் பிராண்டோ பேசும் துண்டை நீ ஓயாமல் போட்டுப் போட்டு வீட்டில் எல்லோருக்கும் பாதி மனப்பாடமாகிவிட்டதாம். உன் குரலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் அந்தத் துண்டோடு நிறுத்திவிடாதே. முழுப்படத்தையும் பார். இரண்டு மணி நேரம்தான்.

1953-இல் எம்.ஜி.எம். தயாரிப்பில் ஜோசப் மாங்கிவிட்ஸ் இயக்கிய ‘ஜூலியஸ் சீசர்’, ஷேக்ஸ்பியர் நாடகத்தை வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சீசரைக் கொல்லும் சதிகாரர்களில் ஜேம்ஸ் மேசன் புரூட்டஸ், ஜான் கீல்குட் காசியஸ். பிராண்டோ அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்’ படத்தில் பனியனோடு நின்று, வசனத்தை வாய்க்குள்ளேயே மென்று பெயர் வாங்கியிருந்தார். இந்த ஆளுக்கு ஷேக்ஸ்பியரா என்று கேலி பேசினார்கள். அவர் வெட்கப்படாமல் கீல்குட்டிடமே போய் வசனத்தை எப்படி எடுத்துச் சொல்வது என்று யோசனை கேட்டார். பிரிட்டிஷ் ஃபிலிம் அகாடமியின் நடிகர் விருதுகள் அந்த முறை இரண்டு பேருக்கும் கிடைத்தன. சிறந்த பிரிட்டிஷ் நடிகர் கீல்குட், சிறந்த வெளிநாட்டு நடிகர் பிராண்டோ. என்னைக் கேட்டால் மேசனுக்கும் ஒன்று கொடுத்திருக்க வேண்டும். அடக்கமாக நடிப்பவனை எந்தக் காலத்திலும் யாரும் கவனிப்பதில்லை.

உரைக் காட்சிக்கு வருகிறேன். புரூட்டஸ் பேசி முடிக்கும் நேரத்தில் ஆன்டனி சீசரின் உடலைக் கையில் ஏந்தியபடி வெளியே வருகிறான். அவன் வாயைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது. கொஞ்சம் பேசியதும் துக்கம் தொண்டையை அடைக்கிறதென்று சொல்லி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறான். அந்த முகத்தை ஜனங்கள் பார்க்க முடியாது, கேமரா பார்க்கிறது. அழுகிற முகம் இல்லை அது. பின்னால் எழும் முணுமுணுப்பைக் காது கொடுத்துக் கேட்டு, எவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது என்று கணக்குப் பார்க்கிற முகம். இருபது தடவையாவது நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நாடகக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த நெருக்கம் கிடைக்காது. சினிமாவால்தான் முடியும்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு வசனத்தைத் திரும்பப் படி. சீசரின் கிழிந்த அங்கியைத் தூக்கிக் காட்டி, இது காசியஸின் கத்தி நுழைந்த ஓட்டை, இது காஸ்காவுடையது, இது புரூட்டஸுடையது என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறான் இல்லையா? குத்து விழுந்தபோது ஆன்டனி அந்த இடத்திலேயே இல்லை. சதிகாரர்களில் ஒருவனான ட்ரெபோனியஸ் முன்கூட்டியே அவனை நைசாக வெளியே அழைத்துப் போய்விடுகிறான். எந்த ஓட்டை யார் குத்தியது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? ஒருவனாவது கேட்டானா? அடுத்தது உயில். ரோமாபுரிக் குடிமகன் ஒவ்வொருவனுக்கும் எழுபத்தைந்து திராக்மா, டைபர் நதிக்கரைத் தோட்டங்கள் எல்லாம் பொதுவுக்கு. கூட்டம் கதறி அழுகிறது. அடுத்த அங்கத்தின் முதல் காட்சியில் இதே ஆன்டனி, யார் யாரைக் கொல்வது என்று பட்டியல் போட்டுக்கொண்டே, உயிலைக் கொண்டு வாருங்கள், கொடுக்க வேண்டியதில் எதை வெட்டலாம் என்று பார்ப்போம் என்கிறான். படத்தில் அந்தக் காட்சியின் முடிவில் பிராண்டோ சோம்பல் முறித்துவிட்டு, சீசரின் மார்பளவுச் சிலையைத் தன் பக்கம் திருப்பிவைத்து, சீசரின் நாற்காலியிலேயே உட்காருகிறார். வசனமே கிடையாது.

இவ்வளவு நன்றாக எடுத்த படத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. உனக்கு எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். உரை முடிந்து கூட்டம் தீவட்டியோடு ஓடுகிறது இல்லையா, அதற்கடுத்த காட்சி நாடகத்தில் உண்டு, படத்தில் இல்லை. சின்னா என்று ஒரு கவிஞன் சீசரின் ஈமச்சடங்குக்குப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் கூட்டம் மறிக்கிறது. பேர் என்ன, எங்கே போகிறாய், எங்கே குடியிருக்கிறாய், கல்யாணம் ஆயிற்றா என்று ஆளுக்கொரு கேள்வி. பேர் சின்னா என்கிறான். சதிகாரர்களில் ஒருவனுக்கும் அதே பேர். நான் அவன் இல்லை, கவிஞன் என்று கெஞ்சுகிறான். அப்படியானால் மோசமாகக் கவிதை எழுதியதற்காகக் கொல்லுங்கள் என்று ஒருவன் கத்துகிறான். தீர்த்துவிடுகிறார்கள். மொத்தமே நாற்பது வரிதான் இருக்கும். ஷேக்ஸ்பியர் இட்டுக்கட்டியதும் இல்லை. கி.மு. 44-இல் இப்படி ஒருவன் நிஜமாகவே செத்தான். அவன் சீசரின் நண்பன் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், படத்தின் தயாரிப்பாளர் ஜான் ஹவுஸ்மனுக்கு அந்தக் காட்சியின் வலு நன்றாகவே தெரியும். 1937-இல் நியூயார்க்கில் அவரும் ஆர்சன் வெல்ஸும் நடத்திய மெர்க்குரி தியேட்டர் இதே நாடகத்தைப் போட்டது. அங்கியெல்லாம் கிடையாது, முசோலினி ஆட்களை நினைவூட்டும் சீருடை. வெல்ஸே புரூட்டஸாக நடித்தார். அந்த மேடையில் பார்த்தவர்கள் அதிகம் பேசியது சின்னா காட்சியைத்தான். கூட்டம் நாலு பக்கமும் நெருங்கி வந்து அவனை விழுங்கிவிடும். பதினாறு வருஷம் கழித்து வந்த படத்திலோ சின்னாவுக்கு இடமில்லாமல் போயிற்று. அதனால் படம் பார்ப்பவனுக்கு உரையின் அழகு கிடைக்கிறது. அதற்கு யார் விலை கொடுத்தது என்று தெரிவதில்லை.

ஆன்டனியை இப்படிச் சொல்வதால் புரூட்டஸை யோக்கியன் என்று நான் பரிந்து பேச வரவில்லை. சீசர் ஏதோ செய்துவிட்டான் என்பதற்காக அவன் கத்தி எடுக்கவில்லை. முடிசூட்டினால் என்ன ஆவானோ என்று ராத்திரி தோட்டத்தில் தனியாக யோசித்து யோசித்தே ஒரு மனிதனைக் கொல்லலாம் என்ற முடிவுக்கு வந்தவன். நல்லவன் என்று பேரெடுத்தவன் செய்கிற கொலை இன்னும் ஆபத்து, ஏனென்றால் மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்துவிடுகிறது. அதைப் பேசினால் இன்னொரு கடிதமாகும்.

உன் வயதில் பேச்சு வசப்படுவது பெரிய கொடுப்பினை. விழாவில் நீ மைக்கைப் பிடிக்கும்போது அரங்கம் ஆர்ப்பரிக்கும். ஆர்ப்பரிக்க வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் கைதட்டல் வாங்கியதும் திரை விழுந்தால் ஆன்டனி ஜெயித்துவிட்டான் என்றுதான் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். விழாக் குழுவிடம் ஐந்து நிமிஷம் கூடுதலாகக் கேள். கூட்டமாக நிற்க நாலு சிநேகிதர்கள் போதும். நீ பேசி முடித்ததும் விளக்கை அணைக்காமல், அந்த நாலு பேரையும் சபைக்குள் இருந்தே எழுந்து வரச் சொல். சின்னாவாக நிற்க ஆள் கிடைக்காவிட்டால் ஆன்டனி அங்கியைக் கழற்றிவிட்டு நீயே நில். தேதி முடிவானதும் எனக்கு எழுது, அத்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மாமா