வாசற்படியும் சட்டமும்



சல்லியில் ஒரு குடும்பம் புதுவீடு கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியதைக் கண்ட கரை அது. ஆகவே அத்திவாரத்தை உயர்த்தி, வாசலில் மூன்று படிகள் வைக்கிறார்கள். தவறில்லை. ஆனால் அவ்வீட்டு அப்பு பாரிசவாதத்தால் சக்கர நாற்காலியில் அமர நேர்ந்தால், அதே படிகள் அவரை வீட்டுக்குள் அடைத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்க 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. மற்றவர்கள் செல்லும் எந்தப் பொது இடத்திற்கும் வலுவிழந்தவர் செல்வதைத் தடுக்கலாகாது என்கிறது அது. தடுத்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். பொதுக் கட்டடங்களில் சாய்தளம், அகன்ற கதவு, ஏற்ற மலசலகூடம் ஆகியவற்றுக்கான விதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளிவந்தன. மரம் விழுந்து நடக்கும் ஆற்றலை இழந்த முன்னாள் கிரிக்கெட் நடுவர் கலாநிதி அஜித் பெரேரா வழக்குத் தொடுத்தார். 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், புதிய பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளுக்கு அமைய வேண்டும் எனக் கட்டளையிட்டது.

வீடு என்றால்?

இங்கேதான் குறை. 1996ஆம் ஆண்டுச் சட்டம் வேலை, கல்வி, பொது இடம் ஆகியவற்றையே பெயர் சொல்லிக் காக்கிறது. வலுவிழந்தவருக்கு வீட்டை வாடகைக்குக் கொடுக்க மறுப்பதைப் பற்றித் தனியாக எதுவும் கூறவில்லை. அமெரிக்காவிலோ 1988இல் திருத்திய வீட்டுச் சட்டம் அவ்வாறு மறுப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. குடியிருப்பவர் தம் செலவில் தேவையான மாற்றம் செய்யவும் இடமளிக்கிறது.

சட்டம் எட்டாத வாசலில் நம் மனச்சாட்சியே காவல். வீடு கட்டுவோர் மேசனாரிடம் இதைச் சொல்லுங்கள்: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். தரை ஒன்றரை அடி உயர்ந்தால் 18 அடி. வளவில் அதற்கு இப்போதே இடம் விடுங்கள். வாசற்கதவும் மலசலகூடக் கதவும் மூன்றடி அகலம் இருக்கட்டும். கட்டிய சுவரை இடிப்பதைவிட இது மிக மலிவு.

வாடகைக்கு வீடு கொடுப்போரே, ஊன்றுகோலுடன் வருபவரை “வேறிடம் பாருங்கள்” என்று திருப்பி அனுப்பாதீர்கள். நம் பங்குக் கோயில் வாசலையும் வரும் ஞாயிறு ஒருமுறை பாருங்கள். அந்த அப்பு பிறர் தூக்காமல் உள்ளே வர முடியுமா?