வெள்ளத் தடுப்பும் அண்டைவீட்டார் ஹக்கும்

 

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. இதை மனைக் கணக்கில் பார்ப்போம். ஐந்து சென்ட் மனையில் மட்டும் விழுந்த நீர் ஏறத்தாழ 1,90,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் லாரியில் 16 லாரித் தண்ணீர்! பூமி சூடாகச் சூடாக இத்தகைய பெருமழைகள் கூடும் என்கிறார்கள் வானிலை அறிஞர்கள். எனவே, வீடு கட்டுபவர் முதலில் கேட்க வேண்டியது: என் மனைத் தண்ணீர் எங்கே போகும்?

இன்று பலரும் மனை முழுவதும் மண்ணடித்து உயர்த்தி, சுற்றிலும் மதில் எழுப்பி, முற்றத்துக்கும் சிமெண்ட் போட்டுவிடுகிறோம். நம் வீடு தப்பிவிடும். தண்ணீரோ பக்கத்திலுள்ள தாழ்ந்த வீட்டில் புகும். அங்கிருப்பவர் பெரும்பாலும் உயர்த்திக் கட்ட வசதியற்றவர். பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. அண்டைவீட்டார் ஹக்கை நபி (ஸல்) அவர்கள் மிகவும் வலியுறுத்தினார்கள். நீரின் வழியை அடைப்பது அந்த ஹக்கைப் பறிப்பதே.

நாம் செய்யக்கூடியவை:

1. மனை வாங்குமுன் அது பழைய ஓடையா, குளத்துப் புறம்போக்கா என்று நில அளவை வரைபடத்திலும் ஊர்ப் பெரியவர்களிடமும் விசாரியுங்கள்.

2. வீட்டின் பேஸ்மட்டத்தை மட்டும் உயர்த்துங்கள். முற்றம் பழைய மட்டத்திலேயே இருக்கட்டும். அதில் பாதியாவது மண்தரையாக இருந்தால் நீர் உள்ளே இறங்கும்.

3. மாடி நீரைக் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ விடுங்கள். மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003 முதல் கட்டாயம். ஐப்பசிக்கு முன் குழாயையும் குழியையும் தூர்வாருங்கள்.

4. மின் மீட்டர், பிளக் பாயிண்டுகளை வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

5. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச்சாலை போட்டால் வீடுகள் பள்ளமாகிவிடும். சுரண்டிப் போடும்படி மஹல்லாவாசிகள் சேர்ந்து பகுதி சபைக் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

விதியில் உள்ளதுதானே நடக்கும் என்று சிலர் கேட்கலாம். யூசுஃப் (அலை) அவர்கள் வரப்போகும் ஏழாண்டுப் பஞ்சத்துக்காக, செழிப்பான ஏழாண்டுகளிலேயே தானியத்தைச் சேமிக்க வழி செய்தார்கள். முன்னேற்பாடு தவக்குலுக்கு முரணானதல்ல.

வீட்டு பிளானை முடிவு செய்யுமுன் பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். அண்டைவீட்டார் நிம்மதியாக உறங்கும் வீடுகளைக் கட்ட வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.