தொலைவும் காலமும்

சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரியின் கரையில் கோட்டைக்குப்பம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. ஏரியில் எந்நாளில் எவர் வலையிடுவது என்பதைப் ‘பாடு’ என்னும் முறையால் வகுத்துக்கொண்டு வாழ்பவர் அவ்வூரார். அவ்வூரின் அருகே அழிந்து கிடக்கும் பழங்கோட்டை ஒன்று, தொலைவு என்பது யாது என்னும் பாடத்தை நமக்குக் கற்பிக்கின்றது.

ஒல்லாந்தர் என்னும் டச்சுக்காரர் 1610-இல் விசயநகர வேந்தர் இரண்டாம் வேங்கடரின் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் வணிகம் தொடங்கினர். 1613-இல் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே.

அவர்களுடைய ஆம்ஸ்டர்டாம் நகருக்கும் இக்கரைக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 7,900 கிலோமீட்டர் ஆகும். ஆனால், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் கடல்வழியோ 20,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. பெரும்பாலான கப்பல்கள் முதலில் சாவகத்தீவின் பத்தாவியாவை அடைந்தன. இன்றைய ஜகார்த்தாவே அது. அங்குச் செல்வதற்கே ஏறத்தாழ எட்டு மாதம் ஆயிற்று. பின்னர் வங்கக் கடலைக் கடந்து இங்கு வரவேண்டும். எனவே, தாயகத்திற்கு எழுதிய மடலுக்கு விடை வர ஒன்றரை ஆண்டும் போதாது. நோயுற்ற மகனைப் பற்றிய செய்தி தாயை எட்டுமுன் அவன் மண்ணில் மறைந்திருப்பான். அவ்வாறு மறைந்தோர் பலர். வாயிலில் கல்லால் செதுக்கிய எலும்புருவங்கள் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தை இன்றும் பழவேற்காட்டில் காணலாம்.

அவர்கட்கேனும் பெயர் பொறித்த கல் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சத்தாலும் போராலும் நலிந்த இக்கரையின் மக்கள் பலர் அடிமைகளாக விற்கப்பட்டுப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பத்தாவியா ஒல்லாந்தினும் அண்மையில் உள்ளதே! ஆயினும், திரும்பும் உரிமையற்ற அவர்களுக்கு அத்தொலைவை எந்த அளவுகோல் அளக்கும்?

1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. கடல்வழி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குறைந்தது. நீராவிக் கப்பல்கள் மாதங்களை வாரங்களாக்கின. 1924-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியாவுக்கு முதன்முதல் பறந்த விமானம், இடையில் பழுதுற்று நின்றமையால் ஏறத்தாழ எட்டு வாரத்தில் சென்றடைந்தது. இன்றோ, மணிக்கு 850 கிலோமீட்டர் விரைவில் பறக்கும் விமானம் 7,900 கிலோமீட்டரை ஒன்பதரை மணிக்குள் கடக்கும். எதிர்க்காற்றும் சுற்றுவழியும் அக்கணக்கைச் சற்றே கூட்டும், அவ்வளவே.

நிலவுலகம் சுருங்கவில்லை, ஆம்ஸ்டர்டாமும் பெயரவில்லை. மாந்தரின் அறிவே காலத்தைச் சுருக்கியது. எனினும், சென்றவர் தம் விருப்பப்படி திரும்பிவரும் உரிமை பெற்றிருந்தாலன்றித் தொலைவு குறைந்ததாகக் கொள்ளல் இயலாது. கோட்டைக்குப்பத்து மீனவர் விடியலில் ஏரிக்குச் செல்கின்றனர். பாடு முடிந்ததும் தம் கரைக்கே மீள்கின்றனர். அம்மீட்சியின் அருமையை அருகிலுள்ள பழங்கோட்டை நமக்கு உணர்த்துகின்றது.