காயிலை வாங்கும் முன் இடம் மாற்றிப் பாருங்கள்

"அண்ணே, சிக்னல்ல நிக்கும்போது காடி ஆடுது. ஏர்கோன் போட்டா இன்னும் மோசம்."

கிள்ளான் பக்கப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமிருந்து கிள்ளான் வரை பெடரல் நெடுஞ்சாலையில் காலையும் மாலையும் ஊர்ந்துபோகும் வண்டிகளின் இன்ஜின் நாளெல்லாம் சூட்டில் கிடக்கிறது. அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் இக்னிஷன் காயிலும் அந்தச் சூட்டில்தான் வேகிறது. அதனாலேயே, இப்படி இன்ஜின் திக்கும் மிஸ்ஃபயர் என்றதும் நான்கு காயிலையும் மாற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் ஊறிப்போயிருக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் இதைத் தொற்றிக்கொள்ளக் கூடாது. வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்காத மெக்கானிக்கைத் தேடித்தான் ஆட்கள் வருவார்கள்.

முதலில் ஸ்கேனரைப் போடுங்கள். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 என்றால் மிஸ்ஃபயர் ஒரே சிலிண்டரில் நிற்கவில்லை. பி0351, பி0352 என்று வருபவை காயிலின் மின்சுற்றைச் சுட்டுகின்றன. அப்போது வயரையும் சாக்கெட்டையும் சேர்த்துப் பாருங்கள். பி0300 உடன் பி0171 வந்தால் காயிலை ஒதுக்கிவைத்துவிட்டு, காற்று எங்கே கசிந்து உள்ளே போகிறது, பெட்ரோல் அழுத்தம் சரியா என்று தேடுங்கள். செக் இன்ஜின் விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எரிந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டவிடாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக் கெடுத்துவிடும். காயிலைவிடப் பன்மடங்கு விலையுள்ள பொருள் அது.

பெரோடுவா மைவி போல ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினை அணைத்துவிட்டு 2ஆவது சிலிண்டரின் காயிலையும் 3ஆவதின் காயிலையும் இடம் மாற்றுங்கள். குறியீட்டை அழித்து, ஏர்கோன் போட்டு, ஒரு மேட்டில் ஏற்றி ஓட்டி வாருங்கள். பி0303 என்று மாறினால் காயில்தான் போயிருக்கிறது. பி0302லேயே நின்றால் காயில்மீது குற்றமில்லை. பிளக்கையும் இதேபோல் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன்.

மல்டிமீட்டரை நம்பி முடிவு சொல்வது எனக்கு உடன்பாடில்லை. இக்னைட்டர் உள்ளேயே பொதிந்த காயிலில் ஓம் அளவு பெரிதாக எதையும் காட்டாது. சூடேறினால் மட்டும் மக்கர் செய்யும் காயில், ஆறிய நிலையில் சரியாகவே அளவு காட்டும். இன்ஜின் ஓடும்போதே காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வித்தையும் வேண்டாம். அங்கே பாய்வது 20,000 வோல்ட்டுக்கு மேல்.

கழற்றிய காயிலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ரப்பர் குழல் எண்ணெயில் ஊறி உப்பியிருந்தால் ராக்கர் கவர் கேஸ்கெட் ஒழுகி, பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருக்கிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கீறியதுபோல் கறுப்புக் கோடு ஓடினால், மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் இறங்கியிருக்கிறது. பிளக், ரப்பர் இரண்டையும் மாற்ற வேண்டும். பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தால் அதைத் தாண்டிப் பொறி விழ காயில் கூடுதல் வோல்ட் தர வேண்டியிருக்கும். பழைய பிளக்கோடு புதுக் காயிலைப் பூட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடுவது இதனால்தான். 2021 டிசம்பரில் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் வந்த மாதிரி வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால், சாக்கெட்டுக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பழைய புரோட்டோன் விராவிலும் பெரோடுவா கஞ்சிலிலும் கதை வேறு. டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் காயில் ஒன்றே. அது போனால் எல்லா சிலிண்டரும் திக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் திக்கினால் பிளக் வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பாருங்கள்.

இனி வாங்குவது. வண்டியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லிக் கடையில் கேட்காதீர்கள். பழைய காயிலைக் கையில் எடுத்துப்போய் அதன் பார்ட் நம்பர், பின்களின் எண்ணிக்கை, குழலின் நீளம் மூன்றையும் ஒப்பிடுங்கள். பெரோடுவாவின் பெட்டியிலோ, காயிலைச் செய்த கம்பெனியின் பெட்டியிலோ வருவதை நம்பகமான கடையில் வாங்குவதே என் தேர்வு. பெயர்பெற்ற பிராண்டுகளுக்குப் போலிகள் நிறைய. பாதி விலை என்றாலே சந்தேகப்படுங்கள். ஹாஃப் கட் கடையில் கிடைக்கும் பழைய காயில் ஒரிஜினலாக இருந்தாலும் எத்தனை ஆண்டு வெந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்க ஒன்று வாங்கிவைக்கலாம். வாடிக்கையாளரின் வண்டியில் பூட்ட வேண்டாம். ஒன்று போனால் ஒன்றை மாற்றுங்கள். மற்றவையும் அதே வயது என்று சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விடுங்கள். கழற்றியதை அவர் கையில் கொடுங்கள்.

பிளக்கை மாட்டும்போது, ஆறிய இன்ஜினில் விரலாலேயே மரை பிடிக்கவைத்து, பிறகு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் செலவு எங்கோ போய்விடும்.

ஒவ்வொரு வேலையையும் எழுதிவையுங்கள்: வண்டி, குறியீடு, இடம் மாற்றியபோது என்ன நடந்தது, எதை மாற்றினீர்கள், படம். பட்டறையிலேயே தொழில் கற்று, சான்றிதழ் இல்லாமல் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். வழங்க, திறன் மேம்பாட்டுத் துறையிடம் பி.பி.டி. என்ற வழி உண்டு. அங்கே கேட்பது செய்த வேலைக்கான சான்றுகளைத்தான். முதலாளியிடம் இன்றே சொல்லி, படம் எடுக்க அனுமதி வாங்கிவிடுங்கள்.