கல்லும் காவலரும்

கொங்குநாட்டின் பழைய ஊர்ப்புறங்களிலே, புலியொடு பொரும் வீரனைச் செதுக்கிய கற்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றைப் 'புலிகுத்திக்கல்' என்பர். பட்டியிற் புகுந்த புலியைத் தடுத்து மாண்டவர்க்கு ஊரார் எடுத்தவை அவை. வீரன் ஈட்டியையேனும் வாளையேனும் புலியின் உடலிற் பாய்ச்சி நிற்பான். அவன் இறந்து கிடந்த நிலையைச் சிற்பி காட்டவில்லை. செய்த செயலையே காட்டினான். இதனை மாணவராகிய நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

கல்நடும் முறையைத் தொல்காப்பியனார் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறாக வகுத்தார். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல் மிகப் பழையது. ஊர் கூடல், நிகழ்ச்சி ஆகோள், வீரன் பெயர் அந்துவன். ஏறக்குறைய இவ்வளவே அதிலுள்ள செய்தி. கொன்றவன் பெயர் அதில் இல்லை. செங்கத்தை அடுத்த எடுத்தனூர்க் கல்லோ, கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சுட்டுகின்றது. நாய்க்கும் பெயர் பொறித்த நாடு இது!

இவையெல்லாம் பழங்கதை என்பார் உளர். திருச்சியை அடுத்த நவல்பட்டுக் காவல்நிலையத்துச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், 2021 நவம்பர் 21ஆம் நாள் விடியுமுன், ஆடு திருடிச் சென்றோரைத் தனியே துரத்திக் கீரனூர்ப் பக்கம் மடக்கிப் பிடித்து, அவர்களாலேயே வெட்டுண்டு இறந்தார். நிரை மீட்டுப் பட்ட வீரனைப் பாடும் கரந்தைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? பிடிபட்டோரில் சிறுவரும் இருந்தனர் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் நடுங்குகின்றது.

நம் கொங்குமண்ணில் நிகழ்ந்ததோ வேறுவகைத்து. திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் காவல்நிலையத்துச் சிறப்பு உதவி ஆய்வாளர் சண்முகவேல், 2025 ஆகஸ்டு 5ஆம் நாள் இரவு, ஒரு தோட்டத்தில் தந்தைக்கும் மக்களுக்கும் மூண்ட பூசலை விலக்கச் சென்றார். புண்பட்ட தந்தையை மருத்துவமனைக்கு அனுப்ப முயன்றுகொண்டிருந்த வேளையில் அவரை வெட்டிக் கொன்றனர் என்பது செய்தி. கொலைக் குற்றம் சாட்டப்பெற்றோருள் ஒருவர் 7ஆம் நாள் காவலர் துப்பாக்கியாற் சுடப்பட்டு இறந்தார். அதன்பின் நம்முட் பலரும் அரிவாளையும் துப்பாக்கியையுமே பேசினோம். அவர் அங்குச் செய்துகொண்டிருந்த செயலைப் பேசினோமல்லோம்.

இச்செயலை எத்திணையுள் அடக்குவது? ஆநிரை கவர்தலுமன்று, மீட்டலுமன்று. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரிற் பொரநின்றபோது கோவூர்கிழார் இடைநின்று சந்து செய்யப் பாடிய பாட்டினைப் புறநானூறு துணைவஞ்சித் துறையில் வைத்துளது. அப்புலவர்க்கு அதனால் உயிர்க்கேடு நேர்ந்ததில்லை. இடைநின்று பட்டவர்க்கு நாம் கற்ற இலக்கணத்துள் தனித்துறை ஒன்றும் காணவில்லை. இது நம் குறையாகவும் இருத்தல் கூடும்.

1959 அக்டோபர் 21இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்திற் பத்துக் காவலர் பட்டமையால், அந்நாள் ஆண்டுதோறும் காவலர் வீரவணக்க நாளாகப் போற்றப்படுகின்றது. பணியில் மாண்டோர் பெயர்கள் அன்று வாசிக்கப்படும். பெயரொடு செயலும் கூறின், அது தொல்காப்பியனார் கூறிய வாழ்த்தலை ஒருவாறு ஒக்கும். குடிமங்கலத்தில் ஒரு கல் நாட்டுவதாயின், சிற்பி அரிவாளைச் செதுக்க வேண்டா. புண்பட்டு வீழ்ந்த ஒரு முதியவர்; அவர் அருகே ஊர்தியை எதிர்நோக்கி நிற்கும் ஒரு காக்கிச்சட்டைக்காரர்; கீழே ஊர், நாள், பெயர்.