அசைபோடும் வயிறு

ஒரு பிடி சோறும் ஒரு பிடி புல்லும் தோற்றத்தில் வேறுபட்டவை. எனினும், சோற்றிலுள்ள மாவுச்சத்தும் புல்லிலுள்ள செல்லுலோசும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் ஆனவை. அச்சர்க்கரை சங்கிலியாகக் கோக்கப்பட்ட விதம்தான் வேறு. அந்தச் சிறு வேறுபாட்டால், சோறுண்டு வாழும் மனிதன் பசும்புல்வெளியின் நடுவே நின்றாலும் பட்டினிதான் கிடப்பான்.

மனிதனின் செரிமானம் வாயிலேயே தொடங்குகிறது. உமிழ்நீரிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இலேசாக இனிப்பது இதனால்தான். அடுத்து, இரைப்பையின் அமிலமும் நொதியும் புரதத்தைச் சிதைக்கின்றன. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் சத்துகள் இரத்தத்தில் கலக்கின்றன.

இரைப்பைக்குள் நடப்பதை மருத்துவர் ஒருவர் நேரில் கண்டது ஒரு விபத்தால் ஆகும். 1822ஆம் ஆண்டு, வட அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால், இரைப்பைவரை சென்ற துளை மூடவேயில்லை. இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமோண்ட், இறைச்சி, ரொட்டி முதலியவற்றைப் பட்டு நூலில் கட்டி அத்துளைவழியே இறக்கினார். சிறிது நேரம் கழித்து வெளியே இழுத்துப் பார்த்தார். உணவு கரைந்துகொண்டிருந்தது. இரைப்பைநீரே உணவைக் கரைக்கிறது என்பது தெளிவாயிற்று. இந்த ஆய்வால் மருத்துவருக்குப் புகழ் கிடைத்தது. செயின்ட் மார்ட்டினோ ஏழையாகவே வாழ்ந்தார்.

பசுவின் கதை வேறு. வியப்பு என்னவென்றால், செல்லுலோசை உடைக்கும் நொதி பசுவின் உடலிலும் சுரப்பதில்லை. அந்த வேலைக்கு அது ஆள் வைத்திருக்கிறது! பசுவின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறை மிகப் பெரியது. நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். கோடானுகோடி நுண்ணுயிரிகள் அங்கே குடியிருந்து புல்லை நொதிக்க வைக்கின்றன. அப்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்களே பசுவுக்கு ஆற்றல் தருகின்றன. கூடவே உருவாகும் மீத்தேன் வாயுவை அது ஏப்பமாக வெளியேற்றுகிறது. ஏப்பம் அடைபட்டால் வயிறு உப்பி, உயிருக்கே ஆபத்தாகும்.

பசுவுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. நாக்கால் புல்லை வளைத்துப் பிடுங்கி, அரைகுறையாக மென்று விழுங்குகிறது. பின்னர் ஓய்வாகப் படுத்து, விழுங்கியதைச் சிறிது சிறிதாக வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகிறது. ஒரு நாளில் நூறு லிட்டருக்கும் மேற்பட்ட உமிழ்நீர் சுரப்பதுண்டு. மனிதனுக்குச் சுரப்பதோ ஒன்றரை லிட்டர் அளவே. பசுவின் உமிழ்நீர் முதல் அறையில் சேரும் அமிலத்தை முறிக்கிறது. தேனடை போன்ற இரண்டாம் அறையையும் ஏடுகள் அடுக்கியது போன்ற மூன்றாம் அறையையும் கடந்து உணவு நான்காம் அறையை அடைகிறது. மனித இரைப்பையைப் போன்றது இந்த அறைதான். உணவோடு வந்து சேரும் நுண்ணுயிரிகளும் இங்கிருந்து செரிக்கத் தொடங்குகின்றன. வேலை செய்த ஆள்களே இறுதியில் பசுவுக்குப் புரத உணவாகிவிடுகிறார்கள்!

மேயும் விலங்குகள் எல்லாம் அசைபோடுவதில்லை. குதிரைக்கு இரைப்பை ஒன்றே. அதன் நுண்ணுயிரிகள் சிறுகுடலுக்கு அப்பால் பெருங்குடல் பகுதியில் வாழ்கின்றன. அதனால், அவற்றின் புரதம் பெரும்பாலும் சாணத்தோடு வீணாகிறது.

மாட்டுப் பொங்கலன்று, அன்பு மிகுதியால் பசுவுக்கு வாளி நிறையச் சோறு கொடுப்போர் உண்டு. ஒரு பிடி கொடுத்தால் தீங்கில்லை. ஆனால், பழக்கமில்லாத பசு திடீரென அளவுக்கு மீறித் தின்றால், மாவுச்சத்து மிக விரைவாக நொதித்து அமிலம் பெருகுகிறது. அசைபோடாத உணவுக்கு உமிழ்நீரும் போதிய அளவு சேர்வதில்லை. நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடிகின்றன. வயிற்றின் அசைவு நின்றுபோகிறது. கடுமையான நிலையில் பசு ஓரிரு நாளில் இறந்துவிடவும் கூடும். இத்தகைய பசுவுக்குக் கால்நடை மருத்துவர்கள் அமிலத்தை முறிக்கச் சோடா உப்புக் கரைசல் கொடுப்பார்கள். பிறகு, நலமாக உள்ள வேறொரு மாட்டின் முதல் அறையிலிருந்து நீரை எடுத்து, இளஞ்சூடு ஆறுவதற்குள் அந்தப் பசுவின் வயிற்றுக்குள் செலுத்துவதும் உண்டு. இழந்த நுண்ணுயிரிகள் அந்த நீரோடுதான் திரும்பி வருகின்றன.