எந்தக் கட்டம் போகுது? எந்தக் கட்டம் மாறுது?

யுபிஐ செயலியில் ஒருத்தருக்குப் பணம் அனுப்பப் போறீங்க. அவரோட யுபிஐ ஐடியை டைப் பண்ணினதும் பெயர் திரையில் வந்து நிற்கும். பெயர் மட்டும்தான். கணக்கில் எவ்வளவு இருக்கு, எந்த ஊர்க்காரர், பான் எண் என்ன என்பதெல்லாம் வராது. அவரோட வங்கிக் கம்ப்யூட்டரில் இவை அத்தனையும் இருக்கின்றன. ஆனாலும் கேட்டது பெயர், வந்ததும் பெயர்.

இப்படி ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரிடம் தகவல் கேட்டு வாங்குகிற வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். நீங்க போனில் பயன்படுத்துகிற அரசுச் சேவைகளுக்குப் பின்னால் இப்படிப் பல வாசல்கள் இருக்கின்றன. வாசலில் நின்று கேட்கிறவர் உங்களைப் பற்றிய பதிவு முழுவதையும் கேட்கலாம். அல்லது அதில் இன்னின்ன கட்டம் மட்டும் போதும் என்றும் கேட்கலாம். பெயர் ஒரு கட்டம், பிறந்த தேதி ஒரு கட்டம், முகவரி ஒரு கட்டம். கணினித் தமிழில் இதைப் 'புலம்' என்பார்கள். விண்ணப்பப் படிவத்தில் நாம் நிரப்புகிற அதே கட்டம்தான் என்பதால் இங்கே கட்டம் என்றே சொல்வோம்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதில் கண்ணுக்குத் தெரிகிற லாபம் வேகம். நாற்பது கட்டம் உள்ள பதிவில் இரண்டை மட்டும் அனுப்பினால் டேட்டாவும் மிச்சம், நேரமும் மிச்சம். கூகுளின் பல ஏபிஐகளில், வேண்டிய கட்டங்களின் பெயரைக் கேட்கிறவரே எழுதி அனுப்பலாம். ஃபேஸ்புக் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட கிராஃப்கியூஎல் என்ற முறையில் கேட்காத கட்டம் வரவே வராது. ஆனால் பதிவின் சொந்தக்காரர் நீங்கள். உங்களுக்கு இதில் உள்ள லாபம் வேறு: வெளியே போகாத கட்டம் யார் கையிலும் சிக்காது.

ஒரே ஓடிபி, இரண்டு விளைவு

ஆதாரையே எடுத்துக்கொள்வோம். உங்க ஆதார் எண்ணையும் பெயரையும் அனுப்பி, இது பொருந்துகிறதா என்று அனுமதி பெற்ற ஓர் அமைப்பு கேட்கிறது. ஆதார் ஆணையத்தின் கம்ப்யூட்டர் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் பதில் சொல்லும். உங்க பதிவிலிருந்து ஒரு கட்டம்கூட வெளியே வராது. இது வெறும் சரிபார்ப்பு.

இ-கேஒய்சி என்பது வேற. அதில் ஓடிபியோ கைரேகையோ கொடுத்து நீங்க சம்மதித்ததும் பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, போட்டோ எல்லாம் கேட்டவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். உங்க பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நம்பர் கேட்பாங்க, ஓடிபி வரும், போடுவீங்க. ஆனால் ஒன்றில் போனது ஒரு சொல், இன்னொன்றில் போனது உங்க வீட்டு விலாசம். ஓடிபி போடுவதற்கு முன்னால், மேலே சின்ன எழுத்தில் இருக்கிற சம்மத வாசகத்தைப் படித்துவிடுங்க. 'இ-கேஒய்சி' என்ற சொல் அதில் இருந்தால் கட்டங்கள் போகப் போகின்றன என்று பொருள்.

எல்லா அமைப்புக்கும் எல்லாக் கட்டமும் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆணையமே 2018 ஜனவரியில் ஓர் ஏற்பாடு செய்தது. ஆதார் எண்ணைப் பெறவேண்டிய தேவை சட்டப்படி இருக்கிற அமைப்புகளுக்கு மட்டும் முழு விவரம். மற்றவற்றுக்கு ஆதார் எண் போகாது. அதற்குப் பதில் 72 எழுத்து நீளமுள்ள ஒரு டோக்கனும், அவற்றின் வேலைக்கு வேண்டிய கட்டங்களும் மட்டும் போகும். இந்த டோக்கனில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. ஒரே ஆளுக்கு ஒவ்வொரு அமைப்புக்கும் வெவ்வேறு டோக்கன் என்பதால், இரண்டு நிறுவனங்கள் தங்கள் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் டோக்கனைக் கொண்டு உங்களைக் கோர்க்க முடியாது. ஆதார் எண்ணுக்குப் பதிலாக நீங்க கொடுக்கக்கூடிய 16 இலக்க விஐடி எண்ணும் அப்போது வந்ததுதான். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆஃப்லைன் கேஒய்சி என்று இன்னொரு வழியும் உண்டு. இதில் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்திட்ட கோப்பை நீங்களே இறக்கி, நீங்களே வைத்த நான்கு எழுத்துக் குறியீட்டால் பூட்டிக் கொடுக்கிறீர்கள். அந்தக் கோப்பில் ஆதார் எண் கிடையாது, கடைசி நான்கு இலக்கம் மட்டும் உண்டு. செல்போன் எண்ணும் அப்படியே எழுதப்பட்டிருக்காது. ஹாஷ் என்கிற கணக்கு முறையில் அரைத்து மாவாக்கி வைத்திருப்பார்கள். மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாதே! நீங்க உங்க எண்ணைச் சொன்னால், அதையும் அதே முறையில் அரைத்துப் பார்த்து, இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் எண் சரி. கோப்பில் எண்ணை எழுதாமலே எண்ணைச் சரிபார்க்கிற வித்தை இது.

இத்தனை நுணுக்கமும் ஒரு ஜெராக்ஸில் வீணாகிவிடும் என்பதுதான் வருத்தம். லாட்ஜில் ரூம் போடும்போதும் வாடகை வீடு பார்க்கும்போதும் ஆதார் அட்டையின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அதில் கட்டம் தேர்ந்தெடுக்கிற பேச்சே இல்லை, மொத்தமும் போய்விட்டது. அந்தத் தாள் பிறகு எந்த மேஜை இழுப்பறையில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இப்படிப்பட்ட இடங்களுக்கு மறைக்கப்பட்ட ஆதார் போதும். மைஆதார் தளத்தில் இ-ஆதார் இறக்கும்போது 'மாஸ்க்ட் ஆதார்' என்ற கட்டத்தை டிக் செய்தால், முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரிகிற பிடிஎஃப் கிடைக்கும். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் போட்டு, கூடவே பிறந்த ஆண்டைச் சேர்த்தால் அதைத் திறக்கும் கடவுச்சொல். 2025 இறுதியில் வந்த புதிய ஆதார் செயலி இன்னும் ஒரு படி மேலே போய், எந்த விவரங்களைப் பகிர்வது என்று உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஆனால் அரசு மானியம், உதவித்தொகை போன்றவற்றுக்கு முழு எண் கேட்டால் அங்கே அதைத்தான் கொடுக்கணும்.

டிஜிலாக்கர் வழியாக ஆவணம் கேட்கும் செயலிகள் ஒரு சம்மதத் திரையைக் காட்டும். எந்தெந்த ஆவணம், என்ன நோக்கம், எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். பலரும் அதைப் பார்க்காமல் கீழே உள்ள பச்சைப் பொத்தானைத் தேடுகிறோம். டிரைவிங் லைசென்ஸ் மட்டும் தேவைப்படுகிற இடத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் டிக் ஆகியிருந்தால், அந்த டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்க. எடுக்க விடவில்லை என்றால், ஏன் கேட்கிறார்கள் என்று கேட்பது உங்க உரிமை.

உரிமை என்று சொல்வது சும்மா பேச்சுக்கு இல்லை. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொல்லப்பட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே சம்மதம் செல்லும் என்கிறது. சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று, மருத்துவச் சேவைக்கான தரவோடு போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. பயனாளர் இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிடுகிறார். ஆனாலும் மருத்துவம் பார்க்கத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால், அந்தச் சம்மதம் முதல் விஷயத்துக்கு மட்டுமே செல்லும். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

திருத்தப் போகும்போது

இதுவரை பார்த்தது வெளியே போகிற கட்டம். உள்ளே மாறுகிற கட்டத்தில்தான் சிக்கல் அதிகம்.

ஒரு பதிவைத் திருத்த இரண்டு முறைகள் உண்டு. பழைய பதிவை அப்படியே தூக்கிவிட்டு, புதிதாக வந்ததை அந்த இடத்தில் வைப்பது ஒன்று. வந்த கட்டங்களை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விடுவது இன்னொன்று. இணையத்தில் முதல் முறைக்குப் 'புட்' என்றும் இரண்டாவதற்குப் 'பேட்ச்' என்றும் பெயர். கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவது பேட்ச். செல்போன் எண்ணை மாற்றத்தான் நீங்க போனீங்க. செயலி உங்க பெயரையும் புது எண்ணையும் மட்டும் அனுப்பியது. பேட்ச் முறை என்றால் எண் மாறும், முகவரி அப்படியே இருக்கும். புட் முறை என்றால் முகவரி கட்டமே காலி. நீங்க அதைத் தொடவே இல்லை, ஆனாலும் போச்சு.

இதைவிட நுட்பமான கேள்வி ஒன்று உண்டு. ஒரு கட்டத்தை நீங்க காலியாக விட்டால், 'இதை மாற்ற வேண்டாம்' என்று அர்த்தமா, 'இதை அழித்துவிடு' என்று அர்த்தமா? மனிதர்களுக்கே குழப்பம் வரும், மெஷினுக்கு வராதா? கூகுளின் ஏபிஐகளில் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். விவரங்களோடு, மாற்ற வேண்டிய கட்டங்களின் பட்டியலையும் தனியாக அனுப்ப வேண்டும். பட்டியலில் பெயர் இருந்து மதிப்பு இல்லை என்றால் அழி. பட்டியலிலேயே இல்லை என்றால் தொடாதே.

நமக்குப் பழக்கமான படிவத்திலும் இதே ஏற்பாடு இருக்கிறது. ஆதார் திருத்தத்துக்குப் போனால், எந்த விவரத்தை மாற்றணும் என்று முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதுதான் அந்தப் பட்டியல். தேவையில்லாத கட்டத்தை அதில் சேர்த்துவிடாதீங்க, ஏனென்றால் வாழ்நாளில் பெயரை இரண்டு முறையும், பிறந்த தேதியையும் பாலினத்தையும் ஒவ்வொரு முறையும்தான் மாற்றலாம் என்று வரம்பு இருக்கிறது. 'வந்ததே வந்தோம், பேரையும் கொஞ்சம் அழகா மாத்திடலாம்' என்று கிளம்பினால், பின்னால் நிஜமாகவே தேவைப்படும்போது வாய்ப்பு தீர்ந்திருக்கும்.

ஆதாரில் பெயர் ஆங்கிலத்தில் ஒரு கட்டம், தமிழில் ஒரு கட்டம். ஆங்கிலத்தில் அடித்ததைக் கம்ப்யூட்டரே தமிழுக்கு மாற்றிக் காட்டும். ஆங்கில எழுத்தில் குறில் நெடில் தெளிவாகத் தெரியாது. ல, ள, ழ எல்லாம் ஒன்றுதான். ஆகவே ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைத் திருத்தப் போய், சரியாக இருந்த தமிழ்ப் பெயர் கெட்டுவிடலாம். பதிவு மையத்தில் உங்களைப் பார்த்தபடி ஒரு திரை வைத்திருப்பார்கள், அது உங்களுக்காக வைத்ததுதான். ஆபரேட்டர் முடிப்பதற்கு முன் அதில் ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. மாற்றச் சொன்ன கட்டத்தை மட்டும் இல்லை, சொல்லாத கட்டத்தையும்தான். தாளில் அச்சடித்துக் கையெழுத்து கேட்கும்போது இன்னொரு தடவை.

ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஆதார் முகவரியை மாற்றினால் ரேஷன் கார்டோ, வாக்காளர் அட்டையோ, வங்கிக் கணக்கோ தானாக மாறாது. ஒவ்வொன்றும் தனிப் பதிவு, தனி விண்ணப்பம்.

இ-சேவையில் வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவற்றுக்கு விண்ணப்பிக்க எடுக்கிற கேன் எண்ணும் அப்படி ஒரு தனிப் பதிவுதான். ஒருமுறை பதிந்த பெயர், தந்தை பெயர், முகவரி எல்லாம் அடுத்த விண்ணப்பங்களில் தானாக வந்து உட்காரும். வசதிதான், ஆனால் முதல்முறை விழுந்த எழுத்துப்பிழையும் கூடவே வந்து சான்றிதழில் ஏறிவிடும். சமர்ப்பிப்பதற்கு முன்பே கேன் விவரத்தைத் திருத்திக்கொள்ளலாம். அப்போது ஓடிபி வருவது அதில் பதிவான செல்போன் எண்ணுக்கு. அவசரத்தில் சென்டர்காரர் தன்னுடைய எண்ணைப் போட்டுப் பதிந்திருந்தால், உங்க பதிவைத் திறக்கிற சாவி அவரிடம்தான் இருக்கும். புதிதாகக் கேன் பதிகிறவர்கள் செல்போன் கட்டத்தில் சொந்த எண் இருக்கிறதா என்று அங்கேயே திரையில் பார்த்துக்கொள்ளுங்க. ஏற்கெனவே பதிந்தவர்கள் அடுத்த விண்ணப்பம் போடும்போது முதலில் அந்தக் கட்டத்தைச் சரிபார்த்து மாற்றிவிட்டு, பிறகு மற்றதற்குப் போங்க.